வீட்டிலேயே குரல் பதிவு: உங்கள் அறைக்குப் பொருந்தும் சிறிய மைக்கைத் தெரிவு செய்யும் வழி

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஓட்டுக் கூரை, சீமெந்துச் சுவர், பளபளப்பான டைல்ஸ் தரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருக்க முடியாது.

பின்னணிக் குரல் கொடுக்கத் தொடங்கிய புதிதில் நான் வாங்கியது ஒரு பெரிய கண்டென்சர் மைக், மிக நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை. கொழும்பில் ஒரு கடையில் "ஸ்டூடியோக்களில் இதுதான் பாவிக்கிறார்கள்" என்று சொல்லித் தந்தார்கள். அன்றிரவே பதிவு செய்து ஹெட்போனில் கேட்டேன். என் குரலுக்குப் பின்னால் கடல் கேட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் கேட்டது. ஓட்டில் ஓடிய பல்லியின் சத்தமும் தெளிவாகக் கேட்டது. நான்கு நிமிட விளம்பரப் படம் ஒன்றுக்கு அனுப்பிய அந்தக் குரல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மைக்கில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு களுவாஞ்சிக்குடியில் என் மச்சாளுக்கும், கல்முனையில் பாடக் காணொளி செய்யும் ஆசிரியர் ஒருவருக்கும், இன்னும் சிலருக்கும் மைக் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே வரிசையில்தான் போனேன்: முதலில் அறை, அப்புறம் வேலை, கடைசியாகத்தான் மைக். அந்த வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன். சிறிய மைக் என்று நான் சொல்வது, மேசையிலோ சின்னத் தாங்கியிலோ நிற்கக்கூடிய, வேலை முடிந்ததும் லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடக்கூடிய மைக்கைத்தான்.

முதற் படி: வீட்டைக் கேளுங்கள்

இதற்குக் காசு செலவில்லை. போனில் இருக்கும் குரல் பதிவுச் செயலியே போதும். வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம், யாரும் பேசாமல், பதிவு செய்யுங்கள். விடியற்காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒன்று. பதிவின் தொடக்கத்தில் எந்த அறை, எத்தனை மணி என்று சொல்லிவிடுங்கள், பிறகு குழம்பாது. எல்லாம் முடிந்ததும் ஹெட்போன் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்து, ஒரே இருப்பில் கேளுங்கள்.

கேட்கும்போது சத்தங்களை இரண்டாகப் பிரித்துக் கொப்பியில் எழுதுங்கள். வந்து போகிற சத்தங்கள் ஒரு பக்கம்: காகம், ஓட்டோ, பாங்கு, கோயில் மணி, மெட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வரும் பாண் வண்டி. இவற்றை எந்த மைக்காலும் தடுக்க முடியாது. ஆனால் இவற்றுக்கெல்லாம் நேரம் உண்டு. பாங்கு எப்போது என்று தெரியும், பாண்காரர் எத்தனை மணிக்கு உங்கள் ஒழுங்கைக்குள் வருவார் என்றும் தெரியும். அந்த நேரங்களை விட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

மறு பக்கத்தில் விடாமல் இருக்கும் சத்தங்களை எழுதுங்கள். கூரை மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கடல், காற்று. மைக்கைத் தீர்மானிப்பது இந்தப் பக்கம்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் தென்னோலை பகல் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். மாரியில் தகரக் கூரைக்குக் கீழே எந்த மைக்கை வைத்தும் பயனில்லை. ஆகவே ஒரு நாள் கேட்டுவிட்டு முடிவெடுக்காமல், வருடத்தில் எந்த மாதங்களில் உங்களுக்கு வேலை அதிகம் என்பதையும் யோசியுங்கள்.

மின்விசிறியைப் பற்றி ஒரு விசேடக் குறிப்பு. அதை நிறுத்தித்தான் பதிவு செய்ய வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. வேகத்தைக் குறைத்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை ரெகுலேட்டர்கள் பல, வேகம் குறையும்போது மின்கம்பி வழியாக ஓர் இரைச்சலை எழுப்பும். காது அதைக் கவனிக்காது, மைக் கவனித்துவிடும். பதினைந்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் மின்விசிறி போட்டு ஓய்வு என்று வைத்துக்கொண்டால் வியர்வையும் தாங்கும், குரலும் களைக்காது.

இரண்டாம் படி: எதிரொலியைக் குறையுங்கள்

அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டி முடிந்த பிறகும் "ர்ர்ங்" என்று ஒரு வால் நீள்கிறதா? டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் உள்ள அறைகளில் கட்டாயம் நீளும். உங்கள் குரலிலும் அந்த வால் ஒட்டும். பிறகு எந்த மென்பொருளை வைத்தும் அதை முழுதாகப் பிரித்து எடுக்க முடியாது. இரைச்சலையாவது ஓரளவு குறைக்கலாம். எதிரொலி அப்படியல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இரைச்சலுக்குப் பயப்படுகிறார்கள், எதிரொலியைக் கண்டுகொள்வதே இல்லை. என் அனுபவத்தில் பதிவுகளை மலிவாகக் காட்டுவது எதிரொலிதான்.

ஒலியை விழுங்குவதற்குத் தடிப்பு வேண்டும். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்ரிமீற்றர். அதில் காற்பங்கு தடிப்பாவது இருந்தால்தான் சுவரோடு ஒட்டிய பொருள் அந்த ஒலியை நன்றாக விழுங்கும். அதாவது எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர். கடைகளில் விற்கும் ஓரங்குலப் பஞ்சுச் சதுரங்கள் "ஸ்" சத்தத்தை மட்டும் மழுக்கி, குரலின் நடுப்பகுதியை அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒட்டுகிற நேரம்தான் வீண்.

நம் வீடுகளில் இருப்பவையே நல்ல பொருட்கள். தும்பு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். கார்டியொய்ட் வகை மைக், அதாவது முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் மைக், உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கிறது. ஆகவே அது அதிகம் கேட்பது உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரைத்தான். மெத்தையை முன்னால் வைப்பதைவிடப் பின்னால் வைப்பது அதனால்தான் பயன் தருகிறது. ஒரு மெத்தைதான் இருக்கிறது என்றால் அதைப் பின்னால் வையுங்கள். மருதமுனைக் கைத்தறிப் போர்வைகள் இரண்டு, மூன்றை மடித்துப் பக்கங்களில் கொடியில் தொங்கவிடலாம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. பன்பாய் மெல்லியது, சுவரில் மாட்டினால் பெரிதாக உதவாது. ஆனால் மேசைக்கு மேலே மடித்து விரித்தால் மேசையில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொஞ்சம் தணிக்கும்.

எல்லாவற்றிலும் சிறந்த இடம் உடுப்பு நிறைந்த அலுமாரி. கதவைத் திறந்துவிட்டு, மைக்கைக் கதவோரத்தில் உங்களைப் பார்க்க வைத்து, தொங்கும் சாறிகளுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மச்சாளிடம் இதைச் சொன்னபோது, "மச்சான், அலுமாரிக்குள்ள இருந்தா பிள்ளைகளுக்குக் கதை சொல்லுற?" என்று கேட்டாள். இப்போது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்காக அவள் பதிவு செய்யும் கதைகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இந்த இரண்டு படிகளையும் முடித்துவிட்டு மறுபடி போனில் ஒரு பந்தியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். சிலருக்கு இதுவே போதுமாக இருக்கும். உண்மையாகவே சொல்கிறேன்: தும்பு மெத்தைக்கு முன்னால் பேசிய போன் பதிவு, வெறும் அறையில் பேசிய விலையுயர்ந்த மைக்கின் பதிவைவிட நன்றாக இருக்கும்.

மூன்றாம் படி: என்ன வேலை என்று எழுதுங்கள்

இது சின்னப் படிதான். பாடக் காணொளிக்கும் சமூக ஊடகக் காணொளிக்கும் குரல் தெளிவாக இருந்தால் போதும். பின்னால் இசை ஓடினால் சிறு இரைச்சல் மறைந்துவிடும். ஒலிநூலுக்கும் விளம்பரத்துக்கும் அப்படியல்ல, அங்கே மௌனமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் அளவு நமக்கும் நல்ல அளவுகோல். பதிவு மீற்றரில் 0தான் உச்ச எல்லை, மற்ற எண்களெல்லாம் அதற்குக் கீழே இறங்குபவை. குரலின் சராசரி மட்டம் -23க்கும் -18 டெசிபலுக்கும் இடையில், உச்சம் -3 டெசிபலைத் தாண்டாமல், யாரும் பேசாத இடத்தின் இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே. சுருக்கமாகப் பார்த்தால், உங்கள் குரலுக்கும் உங்கள் மௌனத்துக்கும் நடுவே ஏறக்குறைய 40 டெசிபல் இடைவெளி வேண்டும். இந்த 40ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் மைக்கைச் சோதிக்கும்போது இதைத்தான் தேடுவோம்.

நான்காம் படி: டைனமிக்கா, கண்டென்சரா

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும், அதோடு ஒட்டிய செப்புக் கம்பிச் சுருளும், ஒரு காந்தமும் இருக்கின்றன. குரல் சவ்வை அசைக்க, சுருள் காந்தப் புலத்துக்குள் அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. சுருளின் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் மிக நுண்ணிய ஒலிகளுக்கு அது கொஞ்சம் மந்தம். கண்டென்சரில் சுருள் இல்லை. மின்னேற்றம் பெற்ற சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும் மிக நெருக்கமாக நிற்கின்றன. சவ்வு லேசாக அசைந்தாலே மின்னழுத்தம் மாறுகிறது. அதனால் மூச்சும் உதட்டின் ஈரமும்கூட அதில் பதிகின்றன. அதற்கு மின்சாரம் வேண்டும். எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசியுள்ள வட்டச் செருகி) வகைக் கண்டென்சர்களுக்கு மைக் கம்பி வழியாகவே 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் கொடுப்பது வழக்கம், யூஎஸ்பி வகைகள் லப்டொப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

"டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை எடுக்காது" என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மைக்குக்கு உங்கள் குரல் எது, காகத்தின் குரல் எது என்று தெரியாது. டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசுகிறோம், கண்டென்சரை ஒரு முழத்துக்கு அப்பால் வைத்துப் பேசுகிறோம். வித்தியாசத்தின் பெரும் பகுதி இந்தத் தூரத்திலிருந்துதான் வருகிறது. மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். 30 சென்ரிமீற்றரிலிருந்து 15க்கு வந்தால் 6, அங்கிருந்து ஏழரைக்கு வந்தால் இன்னுமொரு 6. மொத்தம் 12. கடலும் தென்னையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, உங்கள் குரல் மட்டும் முன்னுக்கு வந்துவிட்டது. கண்டென்சரையும் அவ்வளவு கிட்ட வைத்து அதன் உணர்திறனைக் குறைத்தால், அதுவும் ஏறக்குறைய இதே அளவுக்கு நல்ல பதிவைத் தரும்.

நம்மூரில் பாடும் மீனின் ஓசையைக் கேட்கப் போகிறவர்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். நிலவு நாளில் வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். பாலத்தில் போகும் வாகனமும் காற்றும் சுற்றிலும் இருக்கத்தான் செய்கின்றன. காதைச் சத்தம் பிறக்கும் இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார்கள், அவ்வளவுதான். மைக் வைப்பதும் இதே வேலைதான்.

அப்படியென்றால் எதற்கு டைனமிக்கைச் சிபாரிசு செய்கிறேன்? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அவை பெரும்பாலும் கிட்ட நின்று பேசுவதற்கென்றே செய்யப்பட்டவை, வலையும் பஞ்சும் உள்ளேயே இருக்கும். இரண்டாவது, மேல் அலைவரிசைகளில் அவை கொஞ்சம் மென்மையாக இருப்பதால் மெத்தை, போர்வை வைத்துத் தணிக்காத அறையின் கூர்மையான எதிரொலி அவ்வளவு குத்தாது. மூன்றாவது காரணத்தைக் கொழும்பிலும் சென்னையிலும் எழுதுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை: ஈரம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிறோம். கண்டென்சரின் சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் சேர்ந்தால் மின்னேற்றம் கசிந்து, பொரி பொரிவது போன்ற சத்தம் வரும். கவனமாக வைத்தால் தவிர்க்கலாம். டைனமிக்குக்கு அந்தக் கவலை மிகக் குறைவு.

ஆகவே என் முடிவு: ஓட்டு வீடு, திறந்த கூரை, தெருவோரம், கடலோரம் என்றால் டைனமிக். மாடி வீட்டில் சீமெந்துத் தட்டுக்குக் கீழே, யன்னல்கள் இறுக்கமாக மூடும் உள்ளறை உங்களுக்கு இருந்து, இரண்டாம் படியையும் ஒழுங்காகச் செய்திருந்தால் சிறிய கண்டென்சர் உங்கள் குரலின் அழகை இன்னும் நன்றாகக் காட்டும். பெண் குரல்களின் மென்மையும் கிசுகிசுப்பும் கண்டென்சரில்தான் முழுதாக வரும் என்பது என் காதின் தீர்ப்பு.

ஐந்தாம் படி: எந்தப் பக்கம் கேட்கிறது என்று பாருங்கள்

மைக்கின் பெட்டியில் இதய வடிவில் ஒரு படம் இருந்தால் அது கார்டியொய்ட். முன்னால் நன்றாகக் கேட்கும், பக்கங்களில் குறைவாக, பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும். வட்டம் போட்டிருந்தால் அது எல்லாத் திசையிலும் கேட்கும். தனிக் குரலுக்குக் கார்டியொய்ட்டைத் தவிர வேறெதையும் தேட வேண்டாம். வீட்டில் அதிகச் சத்தம் வரும் யன்னலை நோக்கி மைக்கின் பின்புறம் இருக்கட்டும். பிறகு அந்த யன்னலைப் பார்த்தபடிதான் நீங்கள் பேச வேண்டியிருக்கும், முதலில் விசித்திரமாகத் தோன்றினாலும் அதுதான் சரியான இருப்பு.

சில மைக்குகள் நுனியில் கேட்கும், சில விலாவில் கேட்கும். புளூ யெட்டி போன்ற மைக்கை வாங்கி அதன் உச்சியில் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விலாவால் கேட்கும் மைக், நிமிர்த்தி வைத்து அதன் முகப்பைப் பார்த்துப் பேச வேண்டும். அதோடு அதில் நான்கு கேட்கும் முறைகள் உண்டு, திருகு வேறு முறையில் நின்றால் முழு அறையும் பதிவாகும்.

கார்டியொய்ட் மைக்குக்கு மிகக் கிட்டப் போனால் குரலின் அடிப்பகுதி தடிக்கும். மச்சாள் முதலில் கேட்டுவிட்டு, "இது என்ட குரலே இல்ல, ஆரோ பெரிய ஆள் கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். ஒரு விரல் தள்ளி வைத்தோம், சரியாகிவிட்டது. மெல்லிய குரல் உள்ளவர்களுக்கு இந்தத் தடிப்பு உதவியாகவும் இருக்கும்.

ஆறாம் படி: எதில் செருகப் போகிறீர்கள்

லப்டொப் இருக்கிறதென்றால் யூஎஸ்பி மைக் எளிது. செருகினால் வேலை செய்யும். அதிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உங்கள் குரலைத் தாமதமில்லாமல் கேட்டுக்கொண்டு பேசுவதற்கு அந்தத் துளை வேண்டும். அது இல்லாத மைக்கை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

எக்ஸ்எல்ஆர் மைக் என்றால் நடுவில் ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கி லப்டொப்புக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. பெரிங்கர் யூஎம்2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவை அந்த வகை. செலவு கூடும், கம்பியும் கூடும். ஆனால் நாளைக்கு மைக்கை மட்டும் மாற்றலாம், பழுதானால் ஒரு துண்டைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டும் ஒன்றாக உள்ள மைக்குகளும் உண்டு. சாம்சன் கியூ2யூ, ஓடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டிலும் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரு வாய்களும் ஹெட்போன் துளையும் இருக்கின்றன. இரண்டும் டைனமிக், இரண்டும் கார்டியொய்ட். இன்று யூஎஸ்பியில் தொடங்கி, உழைப்பு வந்த பிறகு இன்டர்ஃபேஸ் வாங்கி அதே மைக்கை அதில் கொழுவலாம்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு வழி. யூஎஸ்பி-சி துளையுள்ள பல போன்களில் யூஎஸ்பி மைக் நேராகவோ ஓடிஜி இணைப்பியோடோ வேலை செய்யும். வாங்குமுன் உங்கள் போனைக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். மற்றது, போயா பிவை-எம்1 போன்ற சட்டையில் குத்தும் கம்பி மைக். அது எல்லாத் திசையிலும் கேட்கும் வகை, கம்பி 6 மீற்றர். சட்டையில் குத்துவதைவிட, அலுமாரிக்குள் சின்னக் குச்சியில் கட்டி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக வரும். அதில் போனுக்கும் கமராவுக்கும் தனித்தனி நிலை உள்ள ஒரு சுவிட்ச் உண்டு. அது மாறியிருந்தால் குரல் சரியாக வராது.

கம்பியில்லாச் சின்ன மைக்குகள் வெளியில் காணொளி எடுக்க நல்லவை. வீட்டுக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அவற்றால் ஒரு நன்மையும் இல்லை, பெரும்பாலானவை எல்லாத் திசையிலும் கேட்கும் வகையும்கூட.

ஏழாம் படி: பெட்டியிலுள்ள எண்களில் எதைப் பார்ப்பது

"192 கிலோஹெர்ட்ஸ்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒலியை ஒரு விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்பதுதான் அது; ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பதைப் பிட் சொல்லும். குரலுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம், காணொளிக்கும் அதுதான் வழக்கம். 24 பிட் இருந்தால் மட்டம் வைப்பதில் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கும், 16 பிட்டிலும் நல்ல வேலை செய்யலாம்.

கண்டென்சர் வாங்குகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டிய எண் சுய இரைச்சல். மைக் தானாகவே எழுப்பும் "ஸ்ஸ்" அது, குறையக் குறைய நல்லது. இங்கே டெசிபல் என்பது காற்றிலுள்ள சத்தத்தின் அளவு, மீற்றரில் பார்த்த கழித்தல் எண் அல்ல. ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020க்கு 20 டெசிபல், ரோட் என்டி1-ஏக்கு 5 டெசிபல். 15 டெசிபல் வித்தியாசம் ஒலிநூல் செய்கிறவருக்குப் பெரியது. ஆனால் உங்கள் அறையின் சொந்த இரைச்சலே 35, 40 டெசிபல் இருந்தால் இந்த இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கேட்காது. முதற் படியைச் செய்யாமல் இந்த எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

டைனமிக் என்றால் இன்டர்ஃபேஸ் எவ்வளவு பெருக்கித் தரும் என்று பாருங்கள். ஷூர் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். பலரும் அதை ஆசைப்பட்டு வாங்கி, மலிவான இன்டர்ஃபேஸில் திருகை முழுக்கத் திருப்பி, இரைச்சலோடு கஷ்டப்படுகிறார்கள். வீட்டில் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம்.

எட்டாம் படி: கடன் வாங்கிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்

நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஷூர் எஸ்எம்58 மைக் இருக்கும். 1966 முதல் உலகம் முழுக்க மேடைகளில் நிற்கும் டைனமிக் மைக் அது. ஓர் இரவுக்கு அதை வாடகைக்கு எடுத்து, இன்டர்ஃபேஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து உங்கள் அறையிலேயே பதிவு செய்து பாருங்கள். டைனமிக் மைக் உங்கள் குரலை எப்படிக் காட்டும் என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். வாங்குவதென்றால் கவனம்: அந்த மைக்குக்குப் போலிகள் ஏராளம். விலை மிகவும் குறைவாக இருந்தால் விலகிவிடுங்கள்.

என் சிபாரிசைச் சுருக்கமாகச் சொன்னால், இந்தக் கரையோர வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியூ2யூ அல்லது ஏடிஆர்2100எக்ஸ். நல்ல உள்ளறை உள்ளவருக்கு ரோட் என்டி-யூஎஸ்பி மினி. அது உள்ளங்கை அளவுக் கண்டென்சர், காற்றுத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, ஹெட்போன் துளையும் உண்டு. கையில் காசு குறைவாக, போனோடு தொடங்குகிறவருக்குப் பிவை-எம்1. இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்காத ஆளை நான் இதுவரை சந்திக்கவில்லை.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும், பழுதானால் நடந்துபோய்க் கொடுக்கலாம். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா போன்ற இடங்களில் தெரிவு அதிகம். ஆனால் உத்தரவாதத்துக்காக ஒரு மைக்கை இரவு பஸ்ஸில் கொண்டுபோய்த் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. ஒன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்கும்போது போனில் காணொளி எடுத்து வையுங்கள்.

ஒன்பதாம் படி: வந்த அன்றே சோதியுங்கள்

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் சரித்து வையுங்கள். காற்று நேராக அடிக்காது, குரல் மட்டும் போகும். தமிழ்ப் பகரம் ஆங்கிலத்தைப் போலக் காற்றை உதறித் தள்ளுவதில்லை, ஆனாலும் உணர்ச்சியோடு பேசும்போது வெடிக்கத்தான் செய்யும். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளைத் திறந்து இந்த இரண்டு வரிகளை வாசியுங்கள்:

பப்பாளிப் பழம் பறிக்கப் பத்துப் பேர் படகில் போனார்கள்.

சித்திரை மாதம் சின்னச் சின்னச் சிப்பி சேர்த்துச் சந்தைக்குச் சென்றாள்.

முதல் வரியில் "புப்" என்று அடித்தால் மைக்கை இன்னும் சரியுங்கள், அல்லது பஞ்சுத் தொப்பி போடுங்கள். இரண்டாம் வரியில் "ஸ்" காதைக் குத்தினால், மைக்கை மூக்கு மட்டத்துக்கு உயர்த்திக் கீழே பார்க்க வையுங்கள். பேசும்போது மீற்றரின் உச்சம் -12க்கும் -6க்கும் நடுவே நிற்கும்படி திருகை வைத்துக்கொள்ளுங்கள். 0ஐத் தொட்டால் அந்த இடம் கிழிந்துவிடும், மீட்க முடியாது.

அப்புறம் அசையாமல் பத்து விநாடி மௌனமாக இருங்கள், பதிவு ஓடட்டும். பேசிய இடத்தின் சராசரியையும் மௌனத்தின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். 40 டெசிபல் இடைவெளி இருக்கிறதா? இருந்தால் மைக்கும் அறையும் உங்களுக்குப் பொருந்திவிட்டன. 30தான் இருக்கிறதென்றால் கடைக்குப் போகாமல் முதலில் மைக்கை இன்னும் இரண்டு விரல் கிட்டக் கொண்டுவாருங்கள், மெத்தையைச் சரிபாருங்கள். மௌனத்தில் "உம்ம்" என்று ஒரே சீரான முனகல் கேட்டால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வேளைகளில் அதோடு நின்றுவிடும்.

இந்தச் சோதனையை மூன்று வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன் முடித்துவிடுங்கள். செருகும் இடத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள், கரகரப்பு வந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

பத்தாம் படி: உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

வேலை முடிந்ததும் மைக்கைத் தாங்கியிலேயே விட்டுவிடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகள் நான்கைந்தோடு வையுங்கள். அரிசிக்குள் வைக்க வேண்டாம், தூசி வலைக்குள் போய்விடும். ஐப்பசி முதல் தை வரை, மழை பிடித்த நாட்களில், ஜெல் பைகளை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். கண்டென்சர் வைத்திருப்பவர்கள் பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே அதை வெளியில் எடுத்து, மின்சாரம் கொடுத்து வைப்பது நல்லது. யூஎஸ்பி வாயும் எக்ஸ்எல்ஆர் ஊசிகளும் பச்சை பிடிக்கத் தொடங்கியிருக்கின்றனவா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டோர்ச் அடித்துப் பாருங்கள். கடலோரத்தில் சவ்வுக்கு முன்னே பழுதாகிறது அநேகமாக அந்த வாய்தான்.